வழி தவறினால் எதைத் தின்பது, உப்புக்கு எங்கே போவது?

மலைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன மாசியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் முறைப்படி அனுமதி வாங்கிப் போன ஒரு மலையேற்றத்தில் நானும் நண்பர் ஒருவரும் குழுவைவிட்டுப் பிரிந்துவிட்டோம். மூடுபனி இறங்கியதும் தடம் தெரியவில்லை. அன்று ராத்திரி முழுக்கவும் மறுநாள் மதியம் தாண்டியும் ஓர் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். கையிலிருந்த கடலைமிட்டாய் முதல் நாள் பொழுது சாயும்போதே தீர்ந்துவிட்டது.

கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பாக ஒரு பழக்கொத்து தொங்கியது. தின்னலாம் என்றார் நண்பர், வேண்டாம் என்றேன் நான். ஒரு மணி நேரம் வாதாடி, கடைசியில் தொடவில்லை. எங்களைத் தேடி வந்தவர்களில் மலையூர்க்காரர் ஒருவர் இருந்தார். வழியில் ஏதோ ஒரு செடியிலிருந்து நாலு இலை கிள்ளிக் கொடுத்து மெல்லச் சொன்னார். சுள்ளென்று புளித்தது. அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசி அடங்கவில்லை, ஆனால் நடக்கத் தெம்பு வந்தது.

என் கேள்விகள் இரண்டு. நம் பக்கத்துக் காடுகளிலும் மேடுகளிலும் நம்பித் தின்னக்கூடியவை எவை? உப்பு, புளி, காரம் இவற்றுக்கு அங்கே என்ன வழி? இரண்டாவதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இலைநரம்பு எழுதியது:

தொடாமல் விட்டீர்களே, அதுதான் சரி. அந்த ஒரு ராத்திரிக்கு உங்களுக்கு வேண்டியது தண்ணீரும் குளிருக்கு ஒதுங்க ஓர் இடமும். நல்ல உடம்பு சோறில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லையென்றால் சில நாள்தான். தண்ணீர் தட்டுப்பாடாக இருக்கும்போது எதையாவது தின்பதும் கெடுதல், அதைச் செரிக்கவும் உடம்பு தண்ணீரைத்தான் செலவழிக்கும்.

முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தின்னக்கூடாததை முதலில் படியுங்கள், தின்னக்கூடியது பிறகு. செங்காந்தள் நம் மாநிலப் பூ. அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அதை வேகவைத்துத் தின்று இறந்துபோனவர்கள் இந்தியாவிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு வெந்தாலும் போகாது. தின்று சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும், அதற்குப் பின் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். ஒடுவன் தழை, அரளி, பொன்னரளிக் காய், எட்டிக்கொட்டை, குன்றிமணி, காட்டாமணக்குக் கொட்டை, இவையெல்லாம் ஊரோரத்திலேயே இருப்பவை. காட்டாமணக்குக் கொட்டையை வேர்க்கடலை போலிருக்கிறதே என்று தின்றுவிட்டுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது இன்றும் நடக்கிறது.

உங்களுக்கு அவர் கொடுத்தது புளியாரையாக இருக்கலாம். மூன்று சிற்றிலை, ஒவ்வொன்றும் நெஞ்சு வடிவம், மஞ்சள் பூ. ஈரமான தரையில் படர்ந்திருக்கும். படம் இருந்தால் போடுங்கள்.

தனிவழி எழுதியது:

ஐயா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். இதற்கென்று ஒரு சோதனை முறை இருக்கிறதே. இலையை முதலில் முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்க்க வேண்டும், பிறகு உதட்டில் வைத்து, பிறகு நுனி நாக்கில். ஒன்றும் செய்யவில்லை என்றால் கொஞ்சம் தின்றுவிட்டு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ராணுவக் கையேடுகளிலேயே இது உண்டு.

இன்னொன்று. 2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவில் அமேசான் காட்டுக்குள் ஒரு சிறு விமானம் விழுந்ததே, தாய் இறந்துபோய் நாலு பிள்ளைகள் 40 நாள் கழித்து உயிரோடு கிடைத்தார்கள். மூத்தவளுக்குப் 13 வயது. கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையாத நேரம். பிள்ளைகளுக்கே முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

இலைநரம்பு எழுதியது:

அந்தப் பிள்ளைகள் எந்தச் சோதனையும் செய்து பிழைக்கவில்லை. அவர்கள் ஊயித்தோத்தோ பழங்குடிப் பிள்ளைகள். விமானத்திலிருந்த மரவள்ளி மாவை எடுத்து வைத்துத் தின்றார்கள். அது தீர்ந்த பிறகு காட்டில் எந்தப் பழம், எந்தப் பனையின் காய் என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் பாட்டியோடு காட்டுக்குப் போய் வளர்ந்தவள். உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது.

எட்டு மணி நேரக் காத்திருப்பை நம்ப வேண்டாம். கொடிய நச்சுக் காளான்களில் சிலவற்றுக்கு முதல் வாந்தி வரவே ஆறு முதல் இருபத்துநான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் ஈரலில் வேலை தொடங்கியிருக்கும். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு என்பதும் பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதும் பொய். ஆடு எருக்கிலையைக் கடிக்கும், இருவாச்சி எட்டிப்பழத்தை விழுங்கும். அவற்றின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

வெதைப்பெட்டி எழுதியது:

வாத்தியாரய்யா சொல்றது அம்புட்டும் சரி. ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசுறது ஒரு ராத்திரிச் சங்கதி. ஒரு ராத்திரிக்கு யாரும் செடியப் பிடுங்கித் திங்க வேண்டியதில்ல. நாலு மாசம், எட்டு மாசம்னு வீட்டுல தானியம் இல்லாமப் போகுமே, அப்பத்தான் மனுசன் புஞ்சைக்காட்டப் பாத்துக் கையேந்துவான். எனக்குத் தெரிஞ்ச இக்கட்டு அதுதான்.

எங்க ஊரு கோவில்பட்டிக்குக் கிழக்க, கரிசல் பூமி. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில ரெண்டு வருசம் அடுத்தடுத்து மழை ஏமாத்திருச்சு. குதிருல கம்பு அடிமட்டத்துக்குப் போயிருச்சு. எங்கம்மா விடியக்கருக்கல்ல மடியக் கட்டிக்கிட்டுப் போவாக, நானும் பின்னால ஓடுவேன். ஒரு தூத்தல் விழுந்தாப் போதும், கரிசல்ல மொதல்ல தலை காட்டுறது சாரணத்திதான். அதுக்குப் பெறகு தொய்யல், பண்ணைக்கீரை, குமுட்டி. எங்கம்மா ஒரே கீரையா ஒருநாளும் பறிக்க மாட்டாக. "ஒண்ணையே தின்னா ஒண்ணு கட்டும், இல்ல கழிய வைக்கும்"பாக. நாலஞ்சு வகை கலந்து, சாரணத்தி இருந்தா அத மட்டும் தனியா வேக வச்சுத் தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டுத்தான் சேப்பாக. அதுல ஒரு குத்துக் கம்போ சோளமோ உடைச்சுப் போட்டுக் கிண்டுனா எட்டுப் பேருக்கு ஆகும். அந்த ஒரு குத்துத் தானியம் இல்லாமக் கீரைய மட்டும் தின்ன வீட்டுல பிள்ளைகளுக்கு வயித்தால போச்சு. கீரை வயித்த ரொப்பும், ஒடம்பத் தாங்காது. இத யாரும் மறந்துறக் கூடாது.

கம்மாய் வத்துனா சேத்துக்குள்ள கொட்டிக்கெழங்கு இருக்கும். வெரல் நுனி தண்டிதான், சுட்டாலும் நல்லாருக்கும் அவிச்சாலும் நல்லாருக்கும். எறும்புப் புத்தத் தோண்டி, எறும்பு சேத்து வச்ச புல்லரிசிய எடுத்துப் புடைச்சு ஆக்குனதையும் பாத்திருக்கேன். அப்படி எடுத்தாலும் புத்துல பாதிய விட்டுட்டுத்தான் வருவாக. வேலியில சுக்காங்காய் காய்ச்சுக் கெடக்கும், ஒரே கசப்பு. கீறி, உப்புத் தண்ணியில ஊறப்போட்டுக் காயவச்சா வத்தல்.

இப்ப தம்பி கேட்ட ரெண்டாவது கேள்வி. எங்க வீட்டுல எண்ணெய் கெடையாது, கடுகு கெடையாது. ஆனா நாய்க்கடுகு காடு பூராம் கெடக்கும். மஞ்சப் பூ, தொட்டாப் பிசுபிசுக்கும், ஒரு மாதிரி வாடை. நெத்து காஞ்சதும் வெடிக்கிறதுக்கு முன்னாலயே ஒடிச்சு, துணியில போட்டுக் கசக்கினா மணல் மாதிரி கரும்பழுப்பு விதை உதிரும். எங்கம்மா வெறுஞ்சட்டியில அதப் போட்டு வறுப்பாக. படபடன்னு வெடிக்கும். அந்த வாசம் தெருவுக்கு வந்தா, இந்த வீட்டுல இன்னிக்கு அடுப்பெரியுதுன்னு அர்த்தம். கீரையில அத நுணுக்கிப் போட்டு, புளியங்கொழுந்து கொஞ்சம் கசக்கி விட்டாப் பிள்ளைக மறுசோறு கேக்கும். அது போடாத அன்னிக்கு அதே கீரையத் துப்புவோம். பசியோட இருக்கிற பிள்ள துப்புமான்னு கேப்பீக. துப்பும். ஒரே ருசிய இருபது நாள் தின்னாத் தொண்டை இறங்காது.

மலைப்பாதை எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உப்புக்கு என்ன செய்தீர்கள்?

வெதைப்பெட்டி எழுதியது:

உப்பு தூத்துக்குடிப் பக்கமிருந்து வண்டியில வரும். தவசத்துக்குத்தான் உப்பு குடுப்பாக. தவசமே இல்லாதப்ப எங்க போயி மாத்துறது? வெறகு வெட்டிக் குடுத்து வாங்குனோம். ஒருக்கா எங்கம்மா கம்மாய்க் கரையில உவர்மண் சுரண்டி, பானையில கரைச்சுத் தெளிய வச்சு, துணியில வடிகட்டிக் காச்சுனாக. அடியில வெள்ளையாப் பூத்துச்சு. ருசி கசப்புதான். ரெண்டு நாள் போட்டோம், எல்லாருக்கும் வயிறு எளகிருச்சு, விட்டுட்டோம்.

பாலைமரநிழல் எழுதியது:

வணக்கம். நான் இப்ப கனடாவில இருக்கிறன். வெதைப்பெட்டி ஐயா எழுதினதை வாசிக்க எனக்கு என்ர அம்மம்மாவைக் கண்ட மாதிரி இருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில சண்டையால வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. தென்மராட்சியில கொஞ்சக் காலம், பிறகு கிளாலியால வள்ளத்தில ஏறி வன்னிக்குப் போனம். காட்டுக்கரையில ஒரு கொட்டில். நிவாரண அரிசி வந்தால் உண்டு, வராட்டில் இல்லை. அம்மம்மா ஊரில கிணத்தடியில கீரை வைச்சு வளர்த்த ஆள், காட்டுக்க என்ன இருக்கெண்டு அவவுக்குத் தெரியாது. பக்கத்துக் கொட்டில் கிழவி, பரம்பரையா வன்னி ஆள், அவதான் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவ. முசுட்டை, முல்லை, குறிஞ்சா, மொசுமொசுக்கை எண்டு ஒவ்வொரு இலையாக் கையில வைச்சு மணக்கக் குடுப்பாவாம். கண்ணால பார்த்து நம்பாதை, மூக்கால நம்பு எண்டு சொல்லுவாவாம். அந்த இலைகளை இடிச்சுப் பிழிஞ்சு ஒரு சுண்டு அரிசியில இலைக்கஞ்சி. ஊரில அதுக்குத் தேங்காய்ப்பால் விடுவம். அங்க தேங்காய் ஆருக்குக் கிடைச்சது?

வைகாசி பிறந்தால் பாலைப்பழம். மஞ்சளாச் சின்னப் பழம், தேன் மாதிரி இனிப்பு. ஆனால் பால் உதட்டில ஒட்டும், கனக்கத் தின்றால் வயித்துக்குத்து வரும். வீரைப்பழம், நாவல், சூரை, ஈச்சை எண்டு ஆடி வரைக்கும் பொடியள் நாங்கள் காட்டுக்கரையிலதான். பெரியாக்கள் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தவை: மிதிச்ச பாதையை விட்டுக் காலெடுத்து வைக்கக் கூடாது. மிதிவெடிப் பயம். நல்ல பழம் எல்லாம் பாதைக்கு அங்கால நிண்ட மரத்திலதான் இருந்தது.

உப்பு எண்டால்: ஆனையிறவு உப்பளம் 1990இலேயே சண்டையால நிண்டுபோட்டுது. கோடையில கடனீரேரிக் கரையில தானாப் பூக்கிற உப்பை ஆக்கள் அள்ளிக்கொண்டு வருவினம். சாம்பல் நிறம், மண்ணும் கலந்திருக்கும். அதைக் கரைச்சு வடிச்சுக் காய்ச்சி, ஜாம் போத்தலுக்க போட்டு மூடி வைப்பா அம்மம்மா. சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சது எனக்குக் கஷ்டமாத் தெரியேல்லை. உப்பில்லாத கஞ்சியைத்தான் என்னால விழுங்க ஏலாமல் இருந்தது.

2009இல நான் அங்க இல்லை. என்ர தமக்கை இருந்தவ. முள்ளிவாய்க்காலில பிடுங்கித் தின்ன இலை இல்லை எண்டுதான் அவ சொல்லுவா. சின்ன மணல் துண்டில அவ்வளவு சனமும் நெருங்கி இருந்தால் எந்தப் பச்சை மிஞ்சும்? அரிசியும் தண்ணியும் உப்பும், அதுதான் கஞ்சி. அதைத்தான் இப்ப ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிக் குடுக்கினம். காடு இருந்தால் மட்டும் காணாது, காட்டுக்க போக வழியும் இருக்க வேணும். இதையும் எழுதி வைக்கவேணும் எண்டு நினைச்சன்.

அளத்துக்காரன் எழுதியது:

வெதைப்பெட்டி ஐயாவுக்கும் பாலைமரநிழல் அக்காவுக்கும் வணக்கம். அப்பா, தாத்தா ரெண்டு பேரும் தூத்துக்குடி உப்பளத்துல வேலை பார்த்தவங்க. வீட்டுல காய்ச்சுற உப்பு ஏன் கசக்குதுன்னு எனக்குத் தெரியும், சொல்றேன்.

கடல் தண்ணி ஒரு லிட்டருல எல்லா உப்பும் சேர்ந்து சுமார் 35 கிராம் இருக்கும். அதுல நாம திங்கிற உப்பு முக்கால் பங்குதான். தண்ணி வத்த வத்த முதல்ல சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில படியும், பிறகு நல்ல உப்பு விளையும். கடைசியா மிஞ்சுற கொழகொழப்பான தண்ணியிலதான் மெக்னீசியம் உப்பெல்லாம் நிக்கும். அதுதான் கசப்பு, அதுதான் வயித்தால போக வைக்கும். அளத்துல உப்பை வாரி மேட்டுல குவிச்சு வைக்கிறதே அந்தத் தண்ணி வடியத்தான். நீங்க சட்டியில தண்ணி சுத்தமா வத்துற வரைக்கும் காய்ச்சியிருப்பீங்க. அப்படிச் செய்யக் கூடாது. கொஞ்சம் தண்ணி மிச்சம் இருக்கும்போதே உப்பை வாரி எடுத்து, துணியில கட்டித் தொங்க விடணும். சொட்டுறதைக் கீழ ஊத்திடணும். முக்கால்வாசிக் கசப்பு அதோட போயிரும். உவர்மண்ணு விஷயம் வேற, அதுல சோடியம் சல்பேட்டும் இருக்கும், அது பேதி மருந்தேதான். இடத்துக்கு இடம் மாறும்.

கடற்கரையில மாட்டிக்கிட்டவங்க உப்பு காய்ச்சவே வேண்டாம். சுத்தமான கடல் தண்ணி ஒரு பங்கு, நல்ல தண்ணி மூணு நாலு பங்கு, அதுல எதையும் வேக வச்சா உப்பு சரியா இருக்கும். கடல் தண்ணிய மட்டும் குடிச்சிடக் கூடாது, தாகம் கூடி ஆளையே கொன்னுடும்.

அப்புறம் உமரிக்கீரை. அளத்து வரப்பு, கழிமுகம், வேதாரண்யம், ராமநாதபுரம்னு கடலோரச் சதுப்புல எங்க பார்த்தாலும் கிடக்கும். இலை இலையா இருக்காது, தண்ணி கட்டுன குச்சி மாதிரி உருண்டையா இருக்கும். வெயில் ஏறினா செடியே செவந்து போயிரும். பச்சையா இருக்கும்போது நுனியை மட்டும் கிள்ளணும். ரெண்டு தடவை வேக வச்சுத் தண்ணிய வடிச்சாலும் உப்பு இருக்கும். எங்க ஆச்சி அதை மத்த கீரையோட ஒரு கைப்பிடி போட்டுக் கடைவாங்க. உப்பு தனியா போடவே மாட்டாங்க. கீரையே உப்பு.

தனிவழி எழுதியது:

அருமை. மலைக்காட்டில் இருப்பவன் உமரிக்கு எங்கே போவான்? சாம்பலைக் கரைத்து உப்பு எடுக்கலாம் என்கிறார்களே, அது சரியா?

இலைநரம்பு எழுதியது:

எடுக்கலாம். ஆனால் விறகுச் சாம்பலில் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். கடுமையான காரத்தன்மை, வாயே வெந்துபோகும். உங்கள் வியர்வையில் போவது சோடியம், அதை இது ஈடுகட்டாது. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் நெஞ்சே நின்றுவிடும். சாம்பலைப் பாத்திரம் துலக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மலைவாசிகள் தேன், கிழங்கு எல்லாவற்றுக்கும் காட்டை நம்பினாலும் உப்புக்கு மட்டும் கீழே இறங்கித்தான் வந்தார்கள். ஓரிரு நாள் உப்பு இல்லாததால் யாரும் சாகமாட்டார்கள். நிறைய வியர்த்து, வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால்தான் தலைசுற்றலும் மயக்கமும் வரும். மலையேறுகிறவர் ஒரு சிறு பொட்டலம் உப்பைப் பையில் வைத்துக்கொள்ளட்டும், அதற்கு ஈடாகக் காட்டில் நான் எதையும் காணவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், தமிழாசிரியன். நீங்கள் பேசுவது சங்கப் பாட்டில் அப்படியே இருக்கிறது. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அந்த மலை நான்கு விளைவுகளைத் தரும், நீங்கள் எவ்வளவு காலம் சூழ்ந்து நின்றாலும் பாரி பணியமாட்டான் என்கிறார் கபிலர். மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன், இவைதான் அந்த நான்கு. முற்றுகைக் காலத்து உணவுப் பட்டியல் அது. பாருங்கள், அந்த நான்கில் உப்பு இல்லை.

சிறுபாணாற்றுப்படையில் பசி மிகுந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு உண்கிறாள். கீரை தின்பதற்காக அவள் வெட்கப்பட்டிருக்க மாட்டாள், உப்பு வாங்க வழியில்லையே என்றுதான் கதவை அடைத்தாள் என்று எனக்குத் தோன்றும். உப்பு வணிகரான உமணர் வண்டி கட்டி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய பொருள் உப்பு. நெல் இல்லாத வீட்டுக்கு அது வராது. வெதைப்பெட்டி ஐயா சொன்னதும் இதுதானே?

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர், அதாவது பாலைநில வேட்டுவப் பெண்கள், கூர்ங்கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, நில உரலில் குற்றி, ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீரை முகந்து உலை வைக்கிறார்கள். உவர்நீரில் வெந்தால் உப்பு தனியாக வேண்டாம் அல்லவா? அளத்துக்காரரின் கணக்கைப் படித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. பல வருடம் இந்த அடிகளை வகுப்பில் நடத்தியும் அதை வறுமையின் அடையாளமாக மட்டுமே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மலைச்செவிலி எழுதியது:

திண்டுக்கல் பக்கத்து மலைக் கிராமங்களில் பதினெட்டு வருடம் கிராமச் செவிலியாக இருந்தேன். பளியர் பெண்களோடு நடந்து பழகியவள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவர்களின் முதல் உணவு கிழங்கு. கவலை, நூறை, வள்ளி என்று இனம் இனமாகப் பிரிப்பார்கள். மழைக்காலத்தில் கொடி பச்சையாக இருக்கும்போதே இடத்தை மனதில் குறித்துக்கொள்வார்கள், தை மாசிக்கு மேல் கொடி காய்ந்த பிறகு போய்த் தோண்டுவார்கள். கொடி எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறுகிறது, தண்டில் முள் உண்டா, இலை ஒன்றா மூன்றா ஐந்தா என்று பார்த்துத்தான் பெயர் சொல்வார்கள். தோண்டி எடுத்ததும் கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியை அதே குழியில் வைத்து மண்ணை மூடிவிட்டுத்தான் நகர்வார்கள். அடுத்த வருடம் அங்கேயே கிழங்கு இருக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் மூடாமல் எழுந்தேன், ஒரு சிறுமி என்னைத் திரும்ப உட்காரவைத்து மூடச் சொன்னாள்.

எல்லாக் கிழங்கும் சுட்டவுடன் தின்னக்கூடியதில்லை. சிலவற்றைச் சீவி ஓடைத் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால்தான் நஞ்சு நீங்கும். கூடலூர்ப் பக்கம் ஈந்தங்காயையும் இப்படித்தான், பல நாள் தண்ணீர் மாற்றிய பிறகே மாவாக்குவார்கள். எத்தனை நாள், எந்தத் துண்டு எவ்வளவு மெல்லிசு என்பதெல்லாம் கையோடு கை பார்த்துப் படிக்க வேண்டியது. எழுத்தில் நான் சொல்லித்தர மாட்டேன், யாராவது அரைகுறையாகச் செய்துவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ருசிக்கு அங்கே பஞ்சமில்லை. காந்தாரி மிளகாய் பறவை எச்சத்திலேயே முளைத்துக் கிடக்கும். மரத்தில் ஏறிய காட்டு மிளகுக் கொடி, காட்டுக் கறிவேப்பிலை, நெல்லிக்காய், ஈரமான சரிவுகளில் குடம்புளி. சேம்புக் கிழங்கும் பிரண்டையும் நாக்கை அரிக்கும், புளி சேர்த்தால்தான் அடங்கும். புளி அங்கே ருசிக்கு மட்டும் இல்லை, தின்னவிடுவதே அதுதான். முதல் மழைக்கு ஈசல் பறக்கும் நாளில் ஊரே விழித்திருக்கும். வறுத்த ஈசலில் இறக்கையைப் புடைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். எடை குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் நான் அதை ஒருபோதும் தடுத்ததில்லை.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் விளையாட்டுக்காகக் காப்புக்காட்டுக்குள் கிழங்கு தோண்டப் போகாதீர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்கிறவர்களுக்குச் சிறு வனப்பொருள் உரிமையைக் கொடுத்திருக்கிறது, சுற்றுலா வருகிறவர்களுக்கு இல்லை. உங்களுக்கு அது ஒருநாள் அனுபவம். அவர்களுக்கு அது அந்த வாரத்துச் சாப்பாடு.

தனிவழி எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். காணொளி பார்த்துவிட்டு அடுத்த மாதம் தனியாக ஒரு பயணம் போகத் திட்டமிட்டிருந்தேன், ஒத்திவைத்துவிட்டேன். காளான் பற்றி ஒரே ஒரு கேள்வி. புற்றுக்காளானாவது நம்பலாமா?

இலைநரம்பு எழுதியது:

கறையான் புற்றிலிருந்து நீண்ட வேரோடு எழும் புற்றுக்காளான் நல்ல உணவுதான், காலங்காலமாகத் தின்கிறோம். ஆனால் அதே மழையில் அதே புல்வெளியில் வெள்ளையாகக் குடை விரிக்கும் இன்னொரு காளான் உண்டு. முற்றியபின் அதன் விதைத்தூள் பச்சையாக இருக்கும். வாந்தியும் பேதியும் ஆளை உலுக்கிவிடும். ஊரில் வருடாவருடம் எடுத்துத் தின்கிறவர் பக்கத்தில் இருந்து காட்டினால் தின்னுங்கள். இக்கட்டில் தனியாக இருக்கும்போது காளானையே தொட வேண்டாம். அதில் கிடைக்கும் சத்துக்கு அந்த ஆபத்து தகாது.

பாலைமரநிழல் எழுதியது:

அளத்துக்காரன் தம்பி, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். துணியில கட்டித் தொங்க விடுறதை அந்தக் கிழவியும் சொன்னவவாம். அம்மம்மாதான், ஒரு துளி உப்பும் வீணாகக் கூடாதெண்டு சொட்டின தண்ணியையும் திருப்பிக் கஞ்சிக்க ஊத்தினவவாம். எங்களுக்கு ஏன் அடிக்கடி வயித்தால போனதெண்டு முப்பது வருஷத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் அம்மாவுக்கு விளங்கினது. அவ கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

அளத்துக்காரன் எழுதியது:

அக்கா, அவங்க செஞ்சதுல தப்பே இல்லை. இல்லாத வீட்டுல யாரும் அதைக் கீழ ஊத்த மாட்டாங்க.

மலைப்பாதை எழுதியது:

இரண்டு வாரமாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நேற்று என் அத்தை ஊருக்குப் போயிருந்தேன், அருப்புக்கோட்டைப் பக்கம். புஞ்சை ஓரத்தில் மஞ்சள் பூவோடு ஒரு செடி, தொட்டால் பிசுபிசுப்பு, வாடையும் அடிக்கிறது. அத்தைக்குப் பெயர் தெரியவில்லை, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் நாய்வேளை என்றார். படம் இணைத்திருக்கிறேன். வெதைப்பெட்டி ஐயா சொன்ன நாய்க்கடுகு இதுதானா?

இலைநரம்பு எழுதியது:

இலைக்காம்பில் மூன்று முதல் ஐந்து சிற்றிலை, நான்கு மஞ்சள் இதழ், நிமிர்ந்து நிற்கும் மெல்லிய காய், செடி முழுக்கப் பிசுபிசுப்பான மயிர். இதுதான். நாய்வேளை, நாய்க்கடுகு இரண்டும் ஒன்று. ஏட்டுச்சுவடி சொன்ன வேளைக்குப் பூ வெள்ளை, அது நல்வேளை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெதைப்பெட்டி எழுதியது:

அதேதான் தம்பி. ஆனா காய் இன்னும் பச்சையா இருக்கு, இப்ப ஒடிச்சா விதை வெம்பிப் போகும். இன்னும் இருபது நாள் போகட்டும். நெத்து மஞ்சளா மாறி நுனி லேசாப் பிளக்கும், அன்னிக்குக் காலையில பனி ஈரத்தோட ஒடிங்க, வெயில் ஏறிட்டாக் கைபட்டதும் சிதறிரும். செடிக்கு நாலு நெத்த விட்டுருங்க. வறுக்கிறப்ப சட்டிய மூடி வையுங்க, கண்ணுல தெறிக்கும்.